இல்லாதவன்

டாவி கோபெனாவாவும் புரூஸ் ஆல்பெரும் சேர்ந்து உருவாக்கிய 'விழும் வானம்' 2010இல் பிரெஞ்சில் வெளிவந்தது. 2013இல் ஆங்கிலத்துக்கு வந்தது. காட்டுவாசியின் வாக்குமூலம் என்றோ, சுற்றுச்சூழல் ஆவணம் என்றோ இதை ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு இது ஒரு சொல்லைப் பற்றிய விசாரணையாகப் பட்டது. வறுமை என்ற சொல்.

கோபெனாவா பிரேஸிலின் வடகோடியில், வெனிசுவேலா எல்லையையொட்டிய மழைக்காட்டில் வாழும் யானோமாமி இனத்தவர்; ஷாமன். ஷாமன்கள் எல்லோரும் செத்துப்போனால் தாங்குவாரின்றி வானம் இடிந்து விழும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆல்பெர் மானுடவியலாளர். ஒருவர் தம் மொழியில் பேச, மற்றவர் பல ஆண்டுகள் ஒலிநாடாவில் பதிந்து எழுதிய நூல். 'நான்' பேசியவருடையது, கட்டுமானம் எழுதியவருடையது. ஆல்பெர் இதைப் பின்னுரையில் விரிவாகவே ஒப்புக்கொள்கிறார். தன் கை பட்ட இடத்தை மறைப்பதுதான் நேர்மை என்று நினைக்கும் வாய்மொழித் தொகுப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் மொழியில் ஏழைக்கு 'இல்லாதவன்' என்றும் ஒரு பெயர். உடைமையைக்கொண்டே ஆளை அளந்துவிடுகிறோம். யானோமாமி வேடன் தான் வீழ்த்திய மிருகத்தின் இறைச்சியைத் தான் தின்பதில்லை, பிறருக்குக் கொடுத்துவிடுகிறான். செத்தவனின் உடைமைகள் வாரிசுக்குப் போவதில்லை, அழிக்கப்படுகின்றன. வாழையும் மரவள்ளியும் போட்ட தோட்டத்தைச் சில ஆண்டுகளில் விட்டு நகர்கிறார்கள். காடு அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் எல்லாப் பத்திகளிலும் பூஜ்யம் போட்டுவிட்டுப் போகலாம். கோபெனாவாவுக்கோ, கொடுக்க மனமின்றிப் பொருள் சேர்ப்பவன்தான் விளங்காத பிறவி.

இதெல்லாம் ஆதிவாசி மோகம் என்று தள்ள முடியாதபடி, பசி வந்த விதத்தையும் நூல் சொல்கிறது. 1967இல் வெளியார் கொண்டுவந்த தட்டம்மையில் கோபெனாவா தாயை இழந்தார். 1973இல் காட்டை வெட்டிச் சாலை போட வந்தார்கள். 1987க்குப் பிறகு தங்கம் தோண்ட ஏறத்தாழ 40,000 பேர். ஆற்றங்கரைக் காடு போயிற்று, ஆறு சேறாயிற்று, மீனில் பாதரசம் ஏறிற்று, தோண்டிய குழிகளில் மலேரியாக் கொசு பெருகிற்று. நடவுக் காலத்தில் காய்ச்சலில் கிடப்பவன் தோட்டம் போட முடியாது. அடுத்த ஆண்டு வீட்டில் சோறில்லை. 1992இல் 96 லட்சம் ஹெக்டேர் அவர்களுடையதென்று எல்லை வகுக்கப்பட்டது. ஆனாலும் தங்கம் தோண்டுகிறவர்கள் திரும்பி வந்தார்கள். 2023 ஜனவரியில் அரசு அங்கே சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டிவந்தது. எலும்பெடுத்த குழந்தைகளின் படங்களை உலகம் பார்த்தது.

ஒரு குறை. தங்கம் தோண்ட வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பற்ற ஏழைகள். நூலில் அவர்கள் மண் தின்னும் கூட்டமாகவே தெரிகிறார்கள், தனி முகமில்லை. அடிபட்டவரிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. ஆல்பெரிடம் கேட்கலாம்.

'நீடித்த வாழ்வாதாரம்' என்ற பிரயோகம் இப்போது திட்ட அறிக்கைகளில் தாராளமாகப் புழங்குகிறது. யானோமாமியரில் ஒரு பிரிவான ஸனோமா மக்கள் காளான் விற்கிறார்கள். தோட்டத்துக்காக வெட்டிச் சாய்த்த மரங்களின்மேல் முளைக்கும் காளான், காலங்காலமாகத் தின்றுவருவது. அதைப்பற்றிய அவர்களது நூலுக்கு 2017இல் பிரேஸிலின் ஜபூட்டி பரிசு கிடைத்தது. வாழ்வாதாரத்தை யாரும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை என்பதற்கு இது போதும். ஆறு கெடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது காளான் விற்ற காசில் வருவதல்ல.

நம் எழுத்தில் காடு பெரும்பாலும் வர்ணனை. அங்கிருக்கும் மனிதன் நம் இரக்கத்துக்கு ஒரு சந்தர்ப்பம். இந்நூலில் இரக்கப்படுகிறவர் கோபெனாவா. அதற்கு ஆளாகிறவர்கள் நாம். படித்துப் பல நாட்களாகியும் எனக்கு இது சௌகரியமாக இல்லை. 'இல்லாதவன்' என்று எழுதப் போனால், எது இல்லாதவன் என்று கேள்வி வருகிறது.