முன்முயற்சி யாருடைய குணம்?

பழனியில் விடியும் முன்பே மில் வண்டிகள் வந்து நிற்கின்றன. அவற்றில் ஏறிப் போகும் பெண்களின் மகள்களுக்கு நான் மேலாண்மைப் பாடம் எடுக்கிறேன். தலைமைப் பாணி பற்றிய பாடத்தில் டக்ளஸ் மெக்ரிகர் வருவார். 1960இல் வெளியான ‘தி ஹியூமன் சைடு ஆஃப் என்டர்பிரைஸ்’ என்ற நூலில் மேலாளர்களின் நம்பிக்கையை அவர் இரண்டாகப் பிரித்தார். தொழிலாளி இயல்பிலேயே சோம்பேறி, விரட்டினால்தான் வேலை நடக்கும் என்பது எக்ஸ் கோட்பாடு. பொறுப்பைக் கொடுத்தால் தானே முன்வந்து செய்வார் என்பது ஒய் கோட்பாடு.

அதட்டலுக்குப் பழகிய இடத்தில் யாரும் தன் யோசனையைச் சொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் மெக்ரிகரின் தொழிலாளிக்குச் சாதியும் இல்லை, பாலினமும் இல்லை. மாற்றம் மேலாளரின் எண்ணத்திலிருந்து தொடங்குகிறது. அவர் மாறாவிட்டால்?

எங்கள் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். இதை ஒரு கெட்ட மனிதனின் கதையாக முடித்திருக்கலாம். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அப்படி முடிக்கவில்லை. ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேனையும், துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்தையும் 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. தையல் வரிசையில் இருக்கும் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை மீறினால் அதன் ஆர்டருக்கே ஆபத்து.

முதல் ஆண்டில் 185 புகார்கள் எழுந்தன, 182 தீர்ந்தன. “இவ்வளவு புகாரா, மோசமான ஆலையா மிஸ்?” என்று மாணவிகள் கேட்டார்கள். புகார்ப் பெட்டி காலியாக இருக்கும் ஆலையைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும் என்றேன். அந்த 185 முறையும் ஒரு பெண் வாய் திறந்தால் பயனுண்டு என்று நம்பியிருக்கிறாள். முன்முயற்சி என்று நாம் படிப்பது அதைத்தான். நல்ல சூப்பர்வைசர் அமைவது அதிர்ஷ்டம். கெட்ட சூப்பர்வைசரிடமும் பேச முடிவது உரிமை.

இந்த ஒப்பந்தம் ஒரு நிறுவனத்தின் ஆலைகளோடு நின்றது. வண்டிகள் போகும் மற்ற மில்களில் சங்கம் என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்ல முடிகிறது.

நல்ல தலைவரின் பண்புகளை எழுதினால் எங்கள் தேர்வில் பத்து மதிப்பெண். எதிர்த்துப் பேசியவளுக்கு மறுநாள் வேலை இருக்குமா என்ற கேள்வி வினாத்தாளில் இல்லை. நான் அதையும் வகுப்பில் கேட்கிறேன். பதில் பெரும்பாலும் அவர்கள் அம்மாவிடம் இருக்கிறது.