மோப்பம் பிடித்து ரசிக்க ஒரு சொல்

ஆங்கிலப் பத்திரிகையில் 'ஃபைஸ்டி' என்ற பெயரடை கண்ணில் பட்டால், அது யார் தலையில் சூட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எண்பது வயதில் நகராட்சியோடு மல்லுக்கு நிற்கும் பாட்டி, பெரிய அணியைத் திணறடிக்கும் கத்துக்குட்டி அணி, மேலதிகாரியிடம் பட்டென்று பேசிவிடும் இளம்பெண். ஆறடி உயரத் தளபதியை யாரும் அப்படிச் சொல்வதில்லை. உருவமோ அதிகாரமோ சிறுத்திருக்க வேண்டும். வாயும் வீம்பும் அதை மீறி நிற்க வேண்டும்.

இந்த அளவுக் கணக்கு ஒரு நாயிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அணில் வேட்டைக்குக் கூட்டிப்போகும் சின்ன நாய்க்கு 'ஃபைஸ்ட்' என்று பெயர். அணிலை மரத்தில் ஏற்றிவிட்டு, துப்பாக்கிக்காரர் வந்து சேரும்வரை அடியில் நின்று குரைத்துத் தீர்க்கும். வில்லியம் ஃபாக்னரின் 'தி பேர்' கதையில் இந்த வகைக் குட்டி நாய் ஒன்று ராட்சதக் கரடி மேலேயே பாய்கிறது. அதைக் காப்பாற்ற, சிறுவன் துப்பாக்கியை வீசிவிட்டுக் கரடியின் காலடிக்கே ஓடவேண்டியிருக்கிறது. அந்த இடத்தைப் படித்தவருக்கு அகராதி வேண்டாம்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் இந்த வகை நாயால் ஒரு தொல்லை. பூட்டி வைத்திருந்த தன் வேட்டைநாய் தப்பித்துப்போய், இதே சாயலில் இருந்த மஞ்சள் நாட்டுநாயோடு சேர்ந்துவிட்டதை 1770-ல் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னும் தோண்டினால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். இதன் வேர், குசு விடுவதைக் குறித்த இடைக்கால ஆங்கில வினைச்சொல். 16ஆம் நூற்றாண்டில் உதவாக்கரை நாயை 'நாறல் நாய்' என்று வைதார்கள். வசவு தேய்ந்து நாயின் பெயராயிற்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது பெயரடையாகி மனிதர்கள் மேல் ஏறியது. அதற்கு முன், 1811-ல் லண்டனில் வெளிவந்த கொச்சை அகராதி ஒன்று, இதே வேர்ச்சொல்லை விளக்கும்போது, மூதாட்டிகள் தாங்கள் விட்டதை மடிநாயின் மேல் பழிபோடுவதாகக் கிண்டலடிக்கிறது.

நாற்றம் போய்விட்டது, நாயின் உயரம் மட்டும் தங்கிவிட்டது. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள் என்றாலும் பெண்கள் பலர் இந்தச் சொல்லுக்கு முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. அதே காரியத்தை ஆண் செய்தால் 'உறுதியானவர்' என்று எழுதிவிடுவார்கள். ஆண் தலைவர் ஒருவரை யாராவது ஃபைஸ்டி என்று எழுதியிருந்தால் நின்று கவனியுங்கள்: பெரும்பாலும் அவர் வயதானவர், குள்ளமானவர், அல்லது தோற்கப்போகிறவர்.