பலகைக் கணிப்பொறி வீட்டுக் கணிப்பொறிக்கு ஈடாகுமா?

பழனிசெட்டிபட்டியில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறாள். தந்தை திராட்சைத் தோட்டத்தின் வரவு செலவுக் கணக்கை எழுத வேண்டும். கையிலுள்ள பணமோ ஒரே ஒரு கருவிக்குத்தான் போதும். தேனிக் கடைவீதியில் விற்பனையாளர், "டேப்லெட் ஒன்று வாங்கினால் போதும், இனி வீட்டில் கணிப்பொறி எதற்கு?" என்கிறார். இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை? சற்று ஆராய்வோம்.

இதே கேள்விக்கு 2011ஆம் ஆண்டில், இருபதே நாள் இடைவெளியில், இரண்டு அரசுகள் இருவேறு விடைகளை அளித்தன. செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அக்டோபர் 5 அன்று மத்திய அரசு 'ஆகாஷ்' என்னும் மலிவு விலைப் பலகைக் கணிப்பொறியை வெளியிட்டது.

ஆகாஷின் நோக்கம் உயர்ந்தது; கருவியோ எளியது. 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 மெகாபைட் நினைவகம் ஆகியவையே அதன் உறுப்புகள். திரையோ விரல் பட்டாலே உணரும் வகையன்று, அழுத்தினால்தான் உணரும். தமிழக மடிக்கணினியில் 14 அங்குலத் திரையும், 2 கிகாபைட் நினைவகமும், விசைப்பலகையும் இருந்தன. 2012இல் வந்த ஆகாஷ்-2 ஓரளவு திருந்தியது. எனினும் பாடம் படிக்கலாம், படம் பார்க்கலாம் என்பதைத் தாண்டி, அதில் நீண்ட கட்டுரை எழுதுவது கடினமே.

"அது மலிவான கருவியின் குறைதானே? இன்றைய கருவிகள் வலிமை மிக்கவை அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020இல் ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினியில் பொருத்திய எம்1 என்னும் அதே செயலியை, 2021இல் ஐபேட் ப்ரோவிலும் பொருத்தியது. ஆகவே செயலியின் வேகம் இன்று பெரிய தடையன்று. அப்படியானால் வேறுபாடு எங்கே உள்ளது?

முதலாவது, எழுதும் வசதி. திரையில் தோன்றும் விசைப்பலகை திரையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. எழுத்தைக் காண எஞ்சுவது சிறிதே. தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. பத்து விரல்களும் தாமே பழகி ஓடுவதற்காகவே அவ்வாறு வகுத்தார்கள். வழவழப்பான கண்ணாடியின் மீது விரல்களுக்கு அந்தத் தடம் கிடைப்பதில்லை. தனி விசைப்பலகையை இணைக்கலாம்; அதற்குரிய செலவையும் கூட்டித்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, இயக்க முறைமையின் கட்டுப்பாடு. பலகைக் கணிப்பொறியில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் அடைபட்டது போல் இயங்குகிறது. இதனால் பாதுகாப்பு கூடுகிறது, சுதந்திரம் குறைகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி பைதான் நிரல்களைப் பலகையிலும் எழுதிப் பார்க்க இயலும். ஆனால் நிரல் ஒருபுறம், பிழைச் செய்தி மறுபுறம், பாடநூல் இன்னொரு புறம் என விரித்து வைத்து வேலை செய்வதற்குக் கணிப்பொறியே ஏற்றது.

மூன்றாவது, பழுது. மேசைக் கணிப்பொறியில் நினைவகம் கெட்டால் நினைவகத்தை மட்டும் மாற்றலாம். பலகையிலோ நினைவகம் சுற்றுப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மின்கலமும் பெரும்பாலும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரே கருவியை நம்பியுள்ள குடும்பத்திற்கு இது சிறிய செய்தியன்று.

பலகையின் சிறப்புகளையும் மறைக்கலாகாது. மேசைக் கணிப்பொறியும் திரையும் சேர்ந்து ஏறத்தாழ 100 வாட் மின்சாரம் இழுக்கின்றன எனக் கொண்டால், ஐந்து மணி நேரத்தில் அரை யூனிட் செலவாகும். பலகைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேவைப்படாது. மின்வெட்டிலும் அது நிற்காது. தோட்டத்திற்கே எடுத்துச் சென்று, நோய் கண்ட திராட்சை இலையைப் படம் பிடிக்கலாம். பாட்டியும் கற்காமலே கையாளலாம்.

வரலாறும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. 1972இல் ஆலன் கே என்னும் அறிஞர் குழந்தைகளுக்காகக் கற்பனை செய்த 'டைனபுக்' இன்றைய பலகையின் முன்னோடி எனப்படுகிறது. அவர் வரைந்த படத்தில் விசைப்பலகையும் இருந்தது! குழந்தைகள் பார்ப்பவர்களாக மட்டும் இல்லாமல் படைப்பவர்களாகவும் இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். 2010இல் ஐபேடை அறிமுகம் செய்தபோது ஸ்டீவ் ஜாப்ஸும் அதைத் தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் இடைப்பட்ட கருவியாகவே முன்வைத்தார்.

ஆகவே விற்பனையாளரின் கூற்று பாதி உண்மையே. படிக்கவும், பார்க்கவும், பேசவும் மட்டும் கருவி தேவைப்படும் வீட்டில் பலகை கணிப்பொறிக்கு ஈடாகும். எழுதவும், நிரல் அமைக்கவும், கணக்கு வைக்கவும் வேண்டிய வீட்டில் ஈடாகாது, துணையாகவே நிற்கும்.

2025ஆம் ஆண்டுத் தமிழக நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினியை விருப்பப்படி வழங்குவதாக அறிவித்தது. விருப்பத்தை மாணவரிடம் விட்டது பாராட்டத்தக்கது. ஆனால் எதற்கு எது உதவும் என்று முன்னரே எடுத்துச் சொல்லாவிட்டால், அந்த விருப்பம் பளபளப்பின் பக்கமே சாயக்கூடும்.

கடைக்குப் புறப்படுமுன் ஒரு தாளை எடுத்து, கடந்த வாரம் நீங்கள் கருவியில் செய்த, செய்ய விரும்பிய வேலைகளை எழுதுங்கள். அவற்றில் எத்தனை பெறுகின்ற வேலைகள், எத்தனை படைக்கின்ற வேலைகள் என்று எண்ணுங்கள். பழனிசெட்டிபட்டி மாணவியின் தாளில் படைக்கும் வேலைகளே மிகுதி. அவள் வீட்டிற்கு வேண்டியது விசைப்பலகையுள்ள கணிப்பொறிதான்.