எளிமை யாருடைய உடைமை?

1

உடை பற்றி இன்று ஒரு புதிய ஒழுக்கம் போதிக்கப்படுகிறது. நிறைய வாங்காதே. கொஞ்சமாக வாங்கு, வாங்குவதை நல்லதாக வாங்கு. வெள்ளை, சாம்பல், கருநீலம், மணல் நிறம் என்று நாலைந்து நிறங்களுக்குள் நின்றுகொள். பூ வேண்டாம், கட்டம் வேண்டாம், மினுக்கு வேண்டாம். துணி கனமாக இருக்கட்டும், தையல் சுத்தமாக இருக்கட்டும். பத்து வருஷம் உழைக்கும். பத்து வருஷம் கழித்தும் பழைய மோஸ்தராகத் தெரியாது. ஆகவே இது செலவு அல்ல, முதலீடு. இந்த அழகியலுக்கு ஸ்காண்டிநேவிய எளிமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிக்கு வந்துபோகிறவர்களின் உடம்பில் இதைப் பார்க்கலாம்.

அந்தச் சாலையை விட்டுக் கொஞ்சம் மேற்கே வந்தால் செய்யூர். உப்பளமும் சவுக்குத் தோப்பும் உள்ள ஊர். தனித் தொகுதி. இங்கே உட்கார்ந்துகொண்டு அந்த ஒழுக்கத்தை வாசிக்கும்போது, அது நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால் எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. ‘குறைவாக உடுத்து’ என்ற வாக்கியம் இந்த மண்ணில் இதற்கு முன்பு யார் வாயிலிருந்து யாரை நோக்கி வந்தது? அதே வாக்கியம் இன்று கடைக் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும்போது, பழைய அர்த்தம் முழுக்கக் கழுவப்பட்டுவிட்டதா?

2

முதலில் இந்த எளிமையின் வம்சாவளியைப் பார்த்துவிடுவோம். அது ஒற்றை வம்சாவளி அல்ல.

ஸ்வீடனைச் சேர்ந்த எல்லன் கே என்ற பெண் சிந்தனையாளர் 1899இல் ‘அனைவருக்கும் அழகு’ என்ற நூலை எழுதினார். உழைப்பவர் வீட்டிலும் அழகான பொருள் இருக்க வேண்டும், அது சாதாரண ஆள் வாங்கும் விலையில் இருக்க வேண்டும், தேவையற்ற ஜோடனையைக் கழித்தால் அது சாத்தியம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதாவது அங்கே எளிமை என்பது பங்கிட்டுக் கொள்வதற்கான வழி. அதே 1899இல்தான் அமெரிக்காவில் தோர்ஸ்டீன் வெப்லன் ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ நூலில், பணக்காரர் வாங்குவது பயன்படுத்த மட்டும் அல்ல, பிறர் பார்க்கவும்தான் என்று காட்டினார்.

இன்னொரு கிளை அவ்வளவு சுத்தமானதல்ல. வியன்னாவில் 1910 வாக்கில் அடால்ஃப் லூஸ் ‘அலங்காரமும் குற்றமும்’ என்ற உரையை நிகழ்த்தினார். நவீனக் கட்டடக்கலையின் வேதம்போல ஓதப்படும் பிரதி அது. அதில் உடம்பில் பச்சை குத்திக்கொள்ளும் பப்புவா மனிதர் நாகரிகத்தின் கீழ்ப்படியில் நிறுத்தப்படுகிறார். அவர் பச்சை குத்தினால் பரவாயில்லை, நவீன மனிதன் குத்தினால் அவன் குற்றவாளி அல்லது சீரழிந்தவன் என்று வாதம் போகிறது. வெற்றுப் பரப்பு வளர்ச்சி, பூவேலை பின்தங்கல். எளிமையின் அழகியலுக்குள் காலனியத்தின் மனித வரிசை இப்படி ஒளிந்து கிடக்கிறது. நம்மூரில் ‘கிராமத்தான் கலர்’, ‘பட்டிக்காட்டு டிசைன்’ என்று உதடு பிதுக்குகிறவர் லூஸைப் படித்திருக்க வேண்டியதில்லை. லூஸ் அவர் வாயில் பேசுகிறார், அவ்வளவுதான்.

இன்றைய சந்தை இந்த இரண்டு கிளைகளையும் பதியம் போட்டு ஒட்டியிருக்கிறது. எல்லன் கேயிடமிருந்து அறம், லூஸிடமிருந்து மேட்டிமை. ‘அனைவருக்கும்’ என்ற சொல் மட்டும் விடுபட்டுப் போயிற்று. ஸ்வீடனில் 1947இல் தொடங்கிய எச் அண்ட் எம் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வாங்கிக் கொஞ்ச நாளில் தூக்கிப் போடும் மலிவு மோஸ்தருக்கு உலகப் பெயர் பெற்ற நிறுவனம். அதே குழுமம்தான் 2007இல் காஸ், 2017இல் ஆர்கெட் என்று கூடுதல் விலையில் நிதானமும் நீடிப்பும் பேசும் கடைகளைத் திறந்தது. ஒரே முதலாளி அவசரத்தையும் விற்கிறார், அவசரத்துக்கு மாற்று மருந்தையும் விற்கிறார். காலத்தை உடைத்துச் சில்லறையாக விற்பது ஒரு வியாபாரம். ‘காலம் கடந்தது’ என்று மொத்தமாக விற்பது மற்றொன்று.

தைப்பவர்கள் யார்? இந்தக் குழுமத்துக்குத் துணி தைத்துக் கொடுத்த திண்டுக்கல் பகுதி ஆலை ஒன்றில் வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. ஆலையின் உரிமையாளரும் எச் அண்ட் எம்மும் அந்தச் சங்கத்தோடு 2022 ஏப்ரலில் கையெழுத்திட்ட பாலியல் வன்முறைக்கெதிரான ஒப்பந்தம் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று அறியப்படுகிறது. தையல் சுத்தமாக இருக்கிறதா என்று உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து வாங்கச் சொல்கிறது புதிய ஒழுக்கம். இன்னும் கொஞ்சம் திருப்பினால் இது தெரியும்.

3

இனி நம்முடைய வரலாற்றுக்கு வருவோம். 1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. ஒடுக்கப்பட்டோர் சார்பில் அம்பேத்கரும், நம் செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதம், 1930 டிசம்பரில், ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ போகக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. மறுவருஷம் கட்டளைகள் பதினொன்றாயின.

இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். நகை வேண்டாம், பூ வேண்டாம், அடுக்கு வேண்டாம், குறைந்த துணி போதும். சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இதுவும் ஒரு ‘மினிமலிசம்’. வித்தியாசம் எங்கே இருக்கிறது? வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர், கழற்றியவர் வேறொருவர். புதிய எளிமையில் இரண்டும் ஒரே ஆள். இது சின்ன வித்தியாசம் இல்லைதான். ஆனால் தன்னிடம் இருப்பதைத் தானே கழற்ற முடிகிறவருக்குத்தான் கழற்றுவது ஒரு குறியாகிறது. மற்றவர் உடம்பில் அதே குறைவு வெறும் இல்லாமையாக வாசிக்கப்படுகிறது.

காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் தன் உடையை அரைமுழ வேட்டியாகக் குறைத்துக்கொண்டதை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. கதர் வாங்கக் காசில்லாதவனுக்கு அது ஒரு பதிலாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அது துறவாகப் படிக்கப்படுவதற்கு, துறக்க ஒரு பாரிஸ்டர் கோட்டு முன்னால் இருந்திருக்க வேண்டும். அம்பேத்கர் கோட்டும் டையுமாகவே நின்றார். இன்றைக்கும் ஊர் ஊராக நிற்கும் அவருடைய சிலைகள் நீலக் கோட்டோடு நிற்கின்றன. ‘இவ்வளவு ஏழைகளின் தலைவர் எதற்கு இப்படி உடுத்தினார்’ என்று கேட்பவர்கள், 1930இன் மூன்றாவது கட்டளையைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். அங்கே கோட்டு ஆடம்பரம் அல்ல. தடை செய்யப்பட்ட ஒரு சொல்லை உரத்து உச்சரிப்பது.

தடைகள் சட்டமாகவும் இருந்தன. தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல் திருவிதாங்கூர் அரசு சாணார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்தபோதும், உயர்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி அணியக் கூடாது என்று சேர்த்துத்தான் அனுமதித்தது. மறைத்துக்கொள், ஆனால் எங்களைப் போல ஆகாதே. அது 19ஆம் நூற்றாண்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம் காலனி எரிந்தது. அதையொட்டி, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று ஒரு கட்சியின் நிறுவனர் மேடையில் பேசியது பத்திரிகைகளில் வந்தது. முழங்காலிலிருந்து ஜீன்ஸுக்கு வந்திருக்கிறோம். அளவுகோலைப் பிடித்த கை மாறவில்லை.

4

‘நமக்குத்தான் வெள்ளை வேட்டி இருக்கிறதே, காலங்காலமாக உள்ள எளிமை, அதற்கு ஸ்வீடன் எதற்கு?’ என்று ஒரு பதில் சொல்லப்படும். தமிழ்ப் பெருமிதத்தின் இந்தப் பதிலும் கட்டுடைக்கப்பட வேண்டியதே.

வேட்டி தானாக வெள்ளையாக இருப்பதில்லை. உவர்மண் எடுத்து, வெள்ளாவி வைத்து, துவைத்து, கஞ்சி போட்டு, நீலம் முக்கி, பெட்டி போட்டால்தான் வெள்ளை. அதைச் செய்தவர்கள் வண்ணார்கள். சேரிக்குத் துவைத்த புதிரை வண்ணார் அந்தப் படிநிலையில் இன்னும் கீழே வைக்கப்பட்டார். ‘நிறமற்றது’ என்று நாம் எண்ணுகிற வெள்ளைதான் மனித உழைப்பை அதிகம் குடித்த நிறம். உப்பளத்தில் வாருகிறவர் வெள்ளை கட்ட முடியாது. உப்புத் தண்ணீரில் எந்தச் சட்டையும் நைந்துபோகும். அவருக்குப் பத்து வருஷம் உழைக்கும் துணி என்று எதுவும் கிடையாது. நல்லதை ஒருமுறை வாங்கு என்பவர், அவர் ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டிய பணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மொத்தமாகக் கொடுக்க முடியாதவர் தவணைக்காரரிடம் வாங்குகிறார், தீபாவளிச் சீட்டுக் கட்டுகிறார், மறுவருஷம் மறுபடியும் வாங்குகிறார். பத்து வருஷக் கணக்குப் பார்த்தால் ஏழை துணிக்குக் கொடுத்த காசு குறைவில்லை. அது முதலீடாக மாறவில்லை, அவ்வளவுதான்.

2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் வேட்டிக்கு ஆதரவாகச் சட்டம் இயற்றியது. வரவேற்க வேண்டியதுதான். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் சீன அதிபரை வரவேற்ற இந்தியப் பிரதமரும் வேட்டி கட்டியே நடந்தார். ஆனால் கைலிக்காக யார் சட்டம் போடுவார்? இந்தக் கடற்கரையின் உண்மையான அன்றாட உடை கைலி. மடித்துக் கட்டிய கைலியோடு ஓர் அலுவலகப் படி ஏறிப் பாருங்கள். ‘இறக்கிவிடுய்யா’ என்று குரல் வரும். முழங்காலுக்குக் கீழே போகாதே என்றார்கள் அன்று. மேலே போகாதே என்கிறார்கள் இன்று.

அதே கட்டம் போட்ட துணிக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. 1958இல் நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போன சென்னைக் கட்டத் துணி, துவைத்ததும் சாயம் விட்டது. புகார் கிளம்பியது. பிறகு சாயம் விடுவதையே அந்தத் துணியின் தனிச்சிறப்பாக விளம்பரம் செய்து விற்றார்கள். அங்கே மேல்தட்டுக் கல்லூரி மாணவர்களின் ‘என்றும் மாறாத’ உடைகளில் ஒன்றாக அது ஆயிற்று. இங்கே சாயம் போன கைலி, சாயம் போன கைலிதான். பியர் பூர்தியு 1979இல் ‘தனிச்சிறப்பு’ நூலில் சொன்னதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. ருசி என்பது பொருளில் இல்லை. யார் யாரிடமிருந்து விலகி நிற்கிறார் என்பதில் இருக்கிறது. காலம் கடத்தல் துணியின் குணம் அல்ல, அணிபவரின் சமூக இடம் துணிக்குத் தரும் பட்டம்.

5

அப்படியானால் நிறைய வாங்கிக் குவிப்போம் என்கிறேனா? இல்லை. சாயக் கழிவால் நொய்யல் என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிவந்தது. மூன்று மாதத்தில் கிழிவதற்கென்றே தைக்கப்படும் துணி ஆற்றுக்கும் கேடு, தைப்பவருக்கும் கேடு. குறைவான துணி, நல்ல துணி, நீடிக்கும் துணி என்ற கோரிக்கையை நான் சந்தைக்கு விட்டுத்தரத் தயாரில்லை. சந்தையிடமிருந்து அதை மீட்பதுதான் பிரச்சினை.

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் புறநானூற்றின் 189ஆம் பாட்டை நினைப்பார்கள். உலகாளும் அரசனுக்கும் தூங்காமல் வேட்டையாடும் எளியவனுக்கும் வேண்டிய உணவும் உடையும் ஒரே அளவுதான் என்கிற நக்கீரனார் பாட்டு. மேடைகளில் எளிமைக்குச் சான்றாக எடுத்தாளப்படுவது. ஆனால் பாட்டு அந்த அளவோடு நிற்கவில்லை. மீதமுள்ளதைப் பிறருக்குக் கொடு, தானே வைத்து அனுபவித்தால் இழப்பவை பல என்று போய் முடிகிறது. அது ஏழையைப் பார்த்து ‘இது போதும்’ என்று சொல்லும் பாட்டல்ல. இருப்பவனைப் பார்த்து ‘உனக்கு இவ்வளவுதான்’ என்று சொல்வது. இன்றைய எளிமை முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டது. முதலீடு என்ற சொல்லே அதற்குச் சாட்சி.

ஆகவே நீடித்த உடை என்பது வாங்குபவரின் சாமர்த்தியமாக இல்லாமல் எல்லோருக்குமான உரிமையாக வேண்டும். தைப்பவருக்குப் பயமில்லாத ஆலை, நெய்பவருக்குக் கட்டுப்படியாகும் கூலி, உப்பு வாருகிறவருக்கும் ஒரே தடவையில் வாங்க முடிகிற விலை. எல்லன் கேயின் நூல் தலைப்பில் இருந்த அந்த ‘அனைவருக்கும்’ திரும்பி வராமல் எந்த எளிமையும் அறம் ஆகாது.

அதுவரைக்கும், தீபாவளிக்கு ஜிகினாச் சட்டை போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி, செய்யூர்க் கடைத்தெருவில் நிற்கிற பையனைப் பார்த்து ருசி இல்லாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் தாத்தாவின் காலத்தில் சட்டைக்கே கட்டளை இருந்தது. மினுக்க வேண்டிய பாக்கி அவனுக்கு இன்னும் இருக்கிறது. போதும் என்று ஒருநாள் அவனே சொல்லலாம். அவனுக்காக வேறு யாரும் அதைச் சொல்ல முடியாது.