தெருவில் ஒரு சக்கரப் பலகை

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் பங்கு மன்றத்தில் வெள்ளைத் துணி கட்டி இரண்டு ஆவணக் குறும்படங்களைத் திரையிட்டோம். வந்திருந்தோரில் பெரும்பாலோர் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழைக்கும் பெண்கள். முதல் படம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "ஏன் சாமி, இப்படிப் பலகையில ஏறிச் சறுக்குறதால அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. இப்படங்களை எடைபோட இதனினும் கூரிய அளவுகோல் எனக்குக் கிடைக்காததால், அதையே கையில் எடுத்துக்கொண்டு எழுதத் துணிகிறேன்.

அன்று கண்ட முதல் படம் 'கமலி'. சாஷா ரெயின்போ என்னும் பெண் இயக்குநரின் ஆக்கம். 2019-இல் திரைவிழாக்களில் காட்டப்பட்டது. அரை மணி நேரம் கூட ஓடாதது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் வளரும் ஒரு சிறுமி, ஸ்கேட்போர்டு எனப்படும் சக்கரப் பலகையில் வெறுங்காலுடன், கவுன் அணிந்தபடி சரிவில் இறங்கிய நிழற்படத்தை, அவ்விளையாட்டில் உலகப் புகழ் பெற்ற அமெரிக்கரான டோனி ஹாக் பகிர்ந்துகொண்டார். உலகம் அவளைத் திரும்பிப் பார்த்தது அதனால்தான். எனினும் படத்தைத் தாங்கி நிற்பவர் மகளல்லர், தாய். தம் திருமண வாழ்வில் பட்ட துன்பத்தையும், தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் பாட்டையும் தமிழிலேயே தம் போக்கில் அவர் சொல்லச் சொல்ல, எங்கள் மன்றத்தில் விசிறிகளின் ஓசை மட்டுமே கேட்டது. ஊரார் பேச்சுக்கு அஞ்சித் தாம் இழந்தவற்றை மகள் இழந்துவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை. இசைக்காணொளிகள் எடுத்துப் பழகிய கை என்பதால் இயக்குநருக்குக் கடலையும் வானத்தையும் அழகாகக் காட்டுவதில் சற்று மிகுதியான ஆசை உண்டு. வறுமையின் மீது விழும் மாலை வெயில் பொன்னாக மின்னும்போது எனக்கு எப்போதும் ஓர் ஐயம் எழும். ஆனால் அச்சிறுமி பலகையில் ஏறிய கணங்களில் காமிரா அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை. அவள் விழுகிறாள், எழுகிறாள், மீண்டும் ஏறுகிறாள், அவ்வளவே. படத்தின் உயிர் அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது படம் காபூல் நகரத்தைப் பற்றியது. போர் நடக்கும் மண்ணில் பெண்பிள்ளையாகப் பிறந்தவள் சக்கரப் பலகை கற்பது எவ்வாறு என்பதே அதன் நீண்ட ஆங்கிலத் தலைப்பின் பொருள். இயக்கியவர் கேரல் டைசிங்கர். 2020-இல் பிரித்தானியத் திரைக் கழகமான பாஃப்டாவின் சிறந்த குறும்பட விருதுக்கு இவ்விரு படங்களும் ஒரே பட்டியலில் நின்றன, வென்றது காபூல். அதே ஆண்டு ஆஸ்கர் விருதும் அதற்கே கிடைத்தது. ஆலிவர் பெர்கோவிச் என்னும் ஆஸ்திரேலியர் 2007-இல் காபூலில் தொடங்கிய ஸ்கேட்டிஸ்தான் அமைப்பில், ஏழைச் சிறுமியர் எழுத்தும் எண்ணும் கற்பதோடு, மதில்களுக்குள் அமைந்த கூடத்தில் சக்கரப் பலகையும் பழகினர். தலைக்கவசம் அணிந்த சின்னஞ்சிறு முகங்களில் படரும் அச்சமும், அச்சம் நீங்கிய கணத்தின் சிரிப்பும் மறக்க இயலாதவை.

நேர்த்தியில் இதுவே மேலான படம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் என் மனம் சிறுமி கமலியின் பக்கமே சாய்கிறது. காபூல் படத்தில் விளையாட்டு ஒரு பாடமாகிவிடுகிறது. பலகையில் ஏறுவது துணிவுக்காக, துணிவு கல்விக்காக, கல்வி எதிர்காலத்திற்காக என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்கிறது அது. எங்கள் அம்மா கேட்ட வினாவுக்கு அப்படத்தில் ஆயத்தமான விடை உண்டு. அதுவே எனக்கு உறுத்தலாயிற்று. ஏனெனில் 2021 ஆகஸ்டு 15 அன்று காபூல் தாலிபான்களின் கைக்குச் சென்றது. அதன்பின் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு அடைபட்டது. அடுக்கப்பட்ட பயன்கள் யாவும் சரிந்துவிட்டன. அப்படியானால் அச்சிறுமியர் சறுக்கிச் சிரித்த அந்த நேரம் வீணாயிற்றா? பயனைக் கொண்டே அளப்பவர் ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கும். இன்று அப்படத்தை மீண்டும் பார்க்கையில், பாடம் உதிர்ந்துபோய்ச் சிரிப்பு மட்டுமே நிற்கிறது. இயக்குநர் எண்ணியிராத வகையில் படம் உயர்ந்துவிட்டது எனலாம்.

இவ்விரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது படமொன்று என் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. சலம் பென்னூர்க்கர் 1990-இல் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. நம் சிவகாசி வட்டாரத்துச் சிறுவர் உழைப்பைப் பற்றிய ஆவணப்படம் அது. அப்போது நான் குருமட மாணவன். இருள் பிரியுமுன் ஊர் ஊராக வந்து, தூக்குச்சட்டியும் தூக்கக் கண்ணுமாய் நிற்கும் பிள்ளைகளை அள்ளிச் சென்ற வண்டிகளை இப்பகுதியில் என் வயதினர் எவரும் மறந்திருக்க முடியாது. கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் அப்பிஞ்சு விரல்களின் வேலை. நூற்று நாற்பத்து நான்கு கொண்டது ஒரு குரோஸ். ஒட்டிய பெட்டிக்குக் கூலி குரோஸ் கணக்கில். ஒரு பிள்ளையின் பொழுதுக்கு விலை குறிக்கப்பட்டிருந்த காலம் அது. 1986-இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. காலம் மெல்ல மாறிற்று. அன்று பெட்டி ஒட்டியவர்களின் பிள்ளைகள் இன்று சீருடையோடு பள்ளி செல்கின்றனர்.

என்னிடம் வினவிய அம்மாவும் எட்டு வயதில் பெட்டி ஒட்டியவர்தாம். அதைப் பின்னரே அறிந்தேன். பயனில்லாத ஒரு மணி நேரம் என்பதை அவர் தம் இளமையில் கண்டதில்லை. இன்று அவர் வீட்டில் குரோஸ் கணக்கு இல்லை, மதிப்பெண் கணக்கு இருக்கிறது. பள்ளி முடிந்தால் டியூஷன், அது முடிந்தால் வீட்டுப்பாடம். இன்னொன்றும் உண்டு. பிள்ளை விழுந்து கை கால் ஒடிந்துவிடுமோ என்று அவர் அஞ்சினார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்தை நினைவில் சுமப்பவர்கள் இவர்கள். நாளெல்லாம் மருந்தோடு உழலும் பெற்றோர், வீட்டிலாவது ஆபத்து வேண்டாம் என்று எண்ணுவதை எவ்வாறு குறை கூறுவது?

சக்கரப் பலகை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவதற்கும் இல்லை. நுங்குக் கோந்தை இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி ஓட்டாத பிள்ளை இப்பனங்காட்டுச் சீமையில் உண்டா? அச்சகங்களிலும் பட்டறைகளிலும் கழித்துப்போட்ட பேரிங்குகளைப் பலகையடியில் பூட்டி, சரிவில் கடகடவென உருண்டுவந்த பேரிங் வண்டி, கமலியின் பலகைக்கு அண்ணன்தான். வேறுபாடு ஒன்றே: நம் பேரிங் வண்டியில் பெண்பிள்ளை ஏறி நான் கண்டதில்லை. தெருவும் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை. எத்தெருப் பிள்ளை எத்தெருவில் உருட்டலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் என்னும் சிற்றூரில், உல்ரிகே ரைன்ஹார்ட் என்னும் ஜெர்மானியப் பெண்மணி 2015-இல் சக்கரப் பலகைத் திடல் ஒன்றை அமைத்தபோது, பழங்குடிப் பிள்ளைகளும் யாதவர் பிள்ளைகளும் ஒரே திடலில் ஆடலாயினர். 'பெண்பிள்ளைகளே முதலில்' என்பது அங்கே விதி. இதைப் படித்தபோது, நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றின் நடுவே எழுந்த சுவர்கள் என் கண்முன் வந்தன. மறையுரையில் நாம் பேசி முடியாததை ஒரு சிமெண்டுத் திடல் செய்துவிடுகிறதே என்று சற்றே பொறாமையும் கொண்டேன்.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பேரேட்டில் விளையாட்டைப் பற்றி வினவுகிறார். விளையாட்டே இல்லாதிருப்பதும் குற்றமாகக்கூடும் என்பது அவர் கருத்து. குருமடத்தில் நாங்கள் விரைந்து கடந்துவிட்ட பகுதி அது. ஆனால் அவரும், எப்போதும் வளைத்தே வைத்த வில் முறிந்துவிடும் என்னும் பழைய உவமையைக் காட்டி, உழைப்புக்குத் திரும்புவதற்கான ஓய்வாகவே விளையாட்டைக் காண்கிறார். காபூல் படம் அவர் வழி நிற்கிறது. எனக்கு இறைவாக்கினர் செக்கரியாவே நெருக்கமாகத் தெரிகிறார். மீண்டெழும் எருசலேமைக் காண்கையில், கோலூன்றிய முதியோர் அமர்ந்திருக்கும் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் நிறைந்து விளையாடுவதை அவர் காண்கிறார். எதற்காக விளையாடுகின்றனர் என்று அவர் சொல்லவில்லை. சிறுமியரையும் சேர்த்தே சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நடக்க இயலாதோருக்காக எங்கள் கோயில் வாசலில் ஒரு சாய்தளம் கட்டினோம். மறைக்கல்வி நேரத்தில் அதில் பேரிங் வண்டி ஓட்டி இரைச்சலிட்டதற்காகச் சிறுவர் இருவரின் வண்டியைப் பறித்துச் சாமான் அறையில் போட்டவன் நான்தான். படம் காட்டிய மறுநாள் அதை எடுத்துக் கொடுத்தேன். வழிபாடு இல்லாத மாலைகளில், முதியோர் எவரும் ஏறாத நேரம் பார்த்து ஓட்டலாம் என்று ஏற்பாடு. அந்த அம்மா பூசைக்கு வரும்போது நின்று பார்த்துவிட்டுப் போகிறார். அவருடைய பத்து வயது மகள் உடன் நிற்கிறாள், இன்னும் ஏறவில்லை.