சிறு காமிராவும் வர்ணத்தின் வழக்கும்

மனிதனை வர்ணத்தில் எடுத்தால் அவன் உடுத்திய துணிதான் படத்தில் விழும், கறுப்பு-வெள்ளையில் எடுத்தால்தான் ஆத்மா அகப்படும் என்றொரு வாக்கு, புகைப்பட ரசிகர்களிடையே வேதவாக்கியம் போல வழங்கி வருகிறது. சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் காமிராவை வாங்கியவர், முதல் வாரத்திலேயே அதன் மெனுவைத் திறந்து ‘மோனோக்ரோம்’ என்பதைத் தேர்ந்துகொண்டு, அன்று முதல் தாம் கலைஞராகிவிட்டதாகக் கருதுவதற்கு இந்த வாக்கே பிரமாணம். ஆத்மாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. துணியைப் பற்றிச் சொல்லலாம். ஒருவர் என்ன நிறத் துணியை, எத்தனை முறை வெளுத்துச் சாயம் போன பிறகும் உடுத்தியிருக்கிறார் என்பதைவிட அவரைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியம் அதிகமில்லை.

பழைய சரித்திரத்தை வாசகர்கள் அறிவார்கள். 1925இல் லைப்சிக் சந்தைக்கு லைக்கா என்னும் சிறு காமிரா வந்தது. காமிரா முக்காலியை விட்டிறங்கித் தெருவில் நடந்தது. 1935இல் கோடக்ரோம் என்னும் வர்ணப் பிலிமும் வந்துவிட்டது. ஆயினும் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் முதலான மகான்கள் வர்ணத்தைப் பெரும்பாலும் அண்டவிடவில்லை. அதற்கு லௌகிகமான காரணங்கள் இருந்தன: அந்தப் பிலிமுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும்; வீட்டு இருட்டறையில் அதைக் கழுவ இயலாது. இந்த அசௌகரியங்களே காலப்போக்கில் தத்துவமாக உயர்ந்துவிட்டன என்பதுதான் வேடிக்கை. 1969இல் வர்ணப்படம் கொச்சையானது என்று தீர்ப்பளித்த அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ், சில ஆண்டுகளுக்குள் போலராய்ட் காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையின் குதூகலத்தோடு வர்ணப்படங்கள் எடுத்துத் தள்ளினார். 1976இல் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் வில்லியம் எகிள்ஸ்டனின் வர்ணப்படங்களைச் சுவரேற்றியபோது விமரிசகர்கள் சீறி விழுந்த கதையும் தெரிந்ததே.

அதே 1976இல், சீறுவோர் எவருடைய கண்ணிலும் படாமல், கோடக் நிறுவனத்தின் ப்ரைஸ் பேயர் ஒரு காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில் அந்நிறுவனத்தின் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தை நாடாவில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்ட கறுப்பு-வெள்ளை யந்திரம். காமிராவுக்குள் ஒளியை வாங்கும் சென்ஸர் பிறவியிலேயே நிறக்குருடு. ஒளியின் அளவை அறியுமே தவிர வர்ணத்தை அறியாது. பேயர் அதன் ஒவ்வொரு புள்ளியின்மேலும் ஒரு நிறச் சில்லை வைத்தார்: பாதிக்குப் பச்சை, காலுக்குச் சிவப்பு, காலுக்கு நீலம். விடுபட்ட நிறங்களை அண்டைப் புள்ளிகளிடம் கேட்டுக் கணக்கிட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாடுதான் இன்று பெரும்பாலான சிறு காமிராக்களுக்குள் இருக்கிறது.

கறுப்பு-வெள்ளைக்காரர்கள் இதைக் கேட்டு, ஆதியில் இருந்தது எங்கள் கட்சிதானே என்று மகிழக்கூடும். ஆனால் அவர்கள் காமிராவில் நிகழ்வது வேறு. ஒளி முதலில் அந்தச் சில்லுகளைக் கடக்கிறது, வர்ணம் கணக்கிடப்படுகிறது, அதற்குப் பிறகே அது நீக்கப்படுகிறது. வழக்கமான கணக்கில் பச்சைக்கு 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று கூட்டிச் சாம்பல் நிறம் சமைக்கிறார்கள். சற்று நிழலில் கிடக்கும் பச்சை மிளகாயும் வெயில் பட்ட சிவப்பு மிளகாயும் அந்தக் கணக்கில் ஒரே சாம்பலாகிவிடலாம். பதப்படுத்தாத ‘ரா’ கோப்பாகச் சேமிப்பவருக்கோ, திரையில் கறுப்பு-வெள்ளை தெரிந்துகொண்டிருக்கும்போதே கோப்பினுள் வர்ணம் முழுதும் பத்திரமாக இருக்கும். ஆக, பிலிம் காலத்தில் காமிராவைத் தூக்கும் முன்பே ஏற்றுக்கொண்ட நிர்ப்பந்தம், இப்போது வீட்டுக்கு வந்து நிதானமாகச் செய்யும் அலங்காரமாகிவிட்டது.

அலங்காரத்துக்கு ஒரு மறைமுகமான தேவையும் இருந்தது. 2005இல் வந்த ரிக்கோ ஜிஆர் டிஜிட்டல் போன்ற காமிராக்களின் சென்ஸர் விரல் நகத்தைவிடச் சிறியது. மாலை மங்கியதும் படமெங்கும் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் பொரியும். நிறத்தை எடுத்துவிட்டால் அதே அழுக்கு பழைய பிலிமின் மணிபோலக் கம்பீரமாகத் தெரியும். யந்திரத்தின் குறையை மறைக்கச் செய்த காரியம் கலைக் கொள்கையாகப் பிரசாரம் பெற்றது. இதற்கு முன்பே, 2003 வாக்கில், புகைப்பட நிருபர் அலெக்ஸ் மயோலி சாதாரண ஒலிம்பஸ் சிறு காமிராக்களோடு காங்கோவுக்கும் இராக்குக்கும் போய்ப் போர்ப் படங்களை எடுத்து வந்திருந்தார் என்பதை அந்தப் பிரசாரகர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

இனி ஜப்பானுக்கு வருவோம். இந்த வழக்கு உண்மையில் நடந்தது அங்கேதான். 1968இல் தொடங்கி மூன்றே இதழ்களோடு நின்றுபோன ‘ப்ரொவோக்’, கரடுமுரடாகவும் ஆடியும் குவியம் தப்பியும் விழுந்த கறுப்பு-வெள்ளைப் படங்களை ஒரு காலகட்டத்தின் மொழியாக்கியது. அதில் பங்கேற்றவர்களில் டைடோ மொரியாமாவை உலகம் கொண்டாடுகிறது. அவர் ரிக்கோவைப் பிடித்திருக்கும் விதத்தைக்கூடப் பயபக்தியோடு காப்பியடிக்கிறார்கள். இன்னொருவர் டகுமா நகாஹிரா. ஸ்தாபகர்களில் ஒருவரான அவரைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சே இல்லை. 1973இல் அவர் எழுதிய கட்டுரையில், தாமே வளர்த்த பாணியைத் தாமே மறுத்தார். இருட்டறையில் கறுப்பைக் கூட்டியும் வெளுப்பைக் குறைத்தும் செய்கிற கறுப்பு-வெள்ளைப் படத்தில் கையின் சுவடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுப்பவரின் உணர்ச்சி பொருளின்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. தாவரங்களின் படவிளக்க அகராதி போலப் பொருள்களைப் பொருள்களாகவே வைக்க வேண்டும், அதற்கு வர்ணமே தகும் என்றார். பழைய நெகடிவ்களில் பெரும்பகுதியைத் தீயிட்டார். 1977இல் மதுவினால் விழுந்து நினைவின் பெரும்பகுதியை இழந்து மீண்ட பின், யொகொஹாமா பக்கம் திரிந்து, பூனைகளையும் விளம்பரப் பலகைகளையும் உறங்கும் மனிதர்களையும் நெருக்கமாக, பிற்காலத்தில் வர்ணத்தில், எடுத்தார். 2015இல் காலமாகும் வரை அவருடைய காமிரா பிலிம் காமிராதான். எனினும், எடுப்பவரின் கைச்சுவடு மிகக் குறைவான கருவியாகிய சிறு டிஜிட்டல் காமிராவுக்கு இதைவிடப் பொருத்தமான கொள்கையை வேறு யாரும் வகுத்ததாக நான் அறியேன்.

இந்தியாவில் அதே திசையில் போனவர் ரகுபீர் சிங். ஐரோப்பியர் வருகைக்கு முன் இந்தியக் கண் கறுப்பு-வெள்ளையில் பார்த்ததே இல்லை என்றார். கங்கையையும் தமிழ்நாட்டையும் வர்ணத்திலேயே நூல்களாக்கினார். தேசத்துக்கொரு கண் என்கிற அந்த வாதம் எனக்குச் சற்று மிகையாகப் படுகிறது. படங்களோ வாதத்தைவிட எத்தனையோ மடங்கு திடமானவை. சிறு டிஜிட்டல் காமிராக்கள் பரவுமுன், 1999இல், அவர் மறைந்தது நமக்குப் பெரிய நஷ்டம்.

நிறச் சில்லுகளையே அகற்றிய லைக்கா மோனோக்ரோம் 2012இலும், அதே வழியில் லென்ஸ் கழற்ற முடியாத க்யூ2 மோனோக்ரோம் 2020இலும் வந்தன. விலை அநியாயம் என்றாலும் அவற்றின்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவற்றை வாங்குகிறவர் பின்னால் மனம் மாறுவதற்கு வழியில்லை. மெனுவில் ஆத்மாவைத் தேடுகிறவரோடு அவரைச் சேர்க்கக் கூடாது.

மொரியாமாவோ சிறு டிஜிட்டல் காமிராவில் வர்ணத்திலேயே எடுத்து, எது கறுப்பு-வெள்ளையாக வேண்டும் என்பதைப் பிற்பாடு தீர்மானிக்கிறவர். 2016இல் பாரிஸின் கார்த்தியே கலை நிறுவனத்தில் அவர் டோக்கியோவின் வர்ணப்படங்களைப் பெரிய அச்சுகளாகச் சுவரில் மாட்டினார். கறுப்பு-வெள்ளையைத் திரையில் ஓடவிட்டார். அவருடைய பக்தர்கள் அந்தச் சுவரை ஒரு முதியவரின் விளையாட்டாகக் கருதி ஒதுக்குகிறார்கள். நானோ அதைத்தான் அவருடைய பிற்காலப் பணியின் மையம் என்பேன்: சுவரொட்டியின் உதட்டுச் சிவப்பையும் பிளாஸ்டிக்கின் பளபளப்பையும் எடுத்துவிட்டால் டோக்கியோவின் ஷிஞ்சுகுப் பகுதியில் மிஞ்சுவது 1968ஆம் ஆண்டின் நகல் ஒன்றுதான், அதை அவர் 1968லேயே எடுத்துவிட்டார்.