உழைச்செல்வான் இல்லாத அறை: தனிமைப்படுத்தப்பட்ட நோயாளியும் தமிழ்ப் புனைவும்

முன்னுரை

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடலில் உள்ளது ஜெரெஜாக் தீவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்குத் தொழுநோயாளர் இல்லமும், கப்பலில் வந்தோரைத் தடுத்துவைக்கும் தொற்றுநோய்க் காப்பு நிலையமும் அமைந்தன. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் இந்நாட்டில் முதலில் கால்வைத்த மண் அதுவே. பின்னாளில் காசநோயாளரும் அங்கு வைக்கப்பட்டனர். 1969இல் அது சிறைத்தீவாயிற்று; 1993இல் சிறையும் மூடப்பட்டது. நோயாளியை வைத்த இடமே கைதிக்கும் பொருந்திற்று என்பது சிந்தனைக்குரியது. இத்தகைய தனிமையில் வாழ்ந்தவரின் மனத்தைத் தமிழ்ப் புனைவு எவ்வாறு கண்டது, அதனை நாம் எவ்வாறு வாசிக்கிறோம் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வள்ளுவர் தரும் அளவுகோல்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது 950ஆம் குறள். நான்காமவரை வள்ளுவர் 'உழைச்செல்வான்' என்கிறார். 'உழை' என்பது பக்கத்தைக் குறிக்கும். தொற்று அச்சம் முதலில் அகற்றுவது இந்நான்காமவரையே. மருத்துவமனைத் தனிமை குறித்து 2010இல் வெளிவந்த ஆய்வுத் திரட்டு ஒன்று, அந்நோயாளரிடம் மனச்சோர்வும் பதற்றமும் சினமும் மிகுந்திருந்ததையும், பணியாளர் அவர்களோடு செலவிட்ட நேரம் குறைந்திருந்ததையும் எடுத்துக்காட்டுகிறது. குறள் வகுத்த நான்கில் ஒன்று குறைந்தால் மருத்துவமே குறைபடும் என்பது இதனால் தெளிவாகிறது.

சிலையும் தண்டவாளமும்

1954இல் வெளிவந்த 'இரத்தக் கண்ணீர்' திரைப்படத்தில் தொழுநோய், ஒழுக்கக்கேட்டின் தண்டனையாக வருகிறது. இறுதியில் நாயகனின் நோயுற்ற உருவம் பிறருக்கு எச்சரிக்கையாகச் சிலையாகிறது. சிலைக்கு மனம் இல்லை. எம்.ஆர். இராதாவின் எள்ளல் அந்நோயாளிக்கு அரியதொரு குரலை வழங்கியது உண்மையே. ஆயினும் கதையமைப்பு அவனைப் பாடமாக்கியே நிறைவுறுகிறது.

ஜெயகாந்தனின் 'நான் இருக்கிறேன்' சிறுகதை வேறொரு திசையில் செல்கிறது. தற்கொலை செய்யத் துணிந்த கால் ஊனமுற்ற இளைஞனைத் தொழுநோயாளி ஒருவன் தடுத்து, வாழ்வின் அருமையை உணர்த்துகிறான். பின்னர் அவனே தண்டவாளத்தில் உயிர்விடுகிறான். வகுப்பறைகளில் இக்கதையை மனிதநேயக் கதை என்று கூறி முடித்துவிடுகிறோம். அவ்வாசிப்பு, காப்பாற்றப்பட்டவனின் பக்கம் நின்று செய்யப்படுவது. இளைஞனுக்குத் தாய் இருக்கிறாள்; நோயாளிக்கு உழைச்செல்வான் இல்லை. வாழ்வதற்கான சொற்கள் அவனிடம் இருந்தன. அவற்றை அவனுக்குச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. கதைத்தலைப்பின் உண்மையான அவலம் இங்குதான் உள்ளது எனலாம். சுவரே இல்லாத தனிமையை ஜெயகாந்தன் காட்டியிருக்க, நாம் அதைக் கருணை என்னும் ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டோம்.

முடிவுரை

1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதன் நிலத்தின் ஒரு பகுதியில் பின்னர் எழுந்த மருத்துவமனையே 2020இல் நாட்டின் முதன்மையான கோவிட் மருத்துவமனையாயிற்று. தொற்றைத் தடுக்கத் தனிமை தேவைப்படலாம். அத்தேவையை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால், உடலை விலக்குவதும் மனிதரைக் கைவிடுவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்தும் வாய்ப்பு இலக்கிய ஆசிரியருக்கு உண்டு. அடுத்தமுறை அக்கதையைக் கற்பிக்கும்போது, 'காப்பாற்றியவனுக்கு யார் இருந்தார்?' என்னும் வினாவிலிருந்து தொடங்குவது தகும்.